மன்னிப்புக் காட்சி

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். முழங்காலில் பிடித்த வலி மட்டும் இன்னும் விடவில்லை. உன் கால் வீக்கம் வடிந்ததா? அத்தானுக்கு இருமல் நின்றதா? உன் மகள் வாலு பரீட்சைக்குப் படிக்கிறாளா, இல்லை போனைத்தான் படிக்கிறாளா?

உன்னிடம் பேசலாம் என்று குன்றின் மேல்வரை ஏறினேன். டவர் கிடைத்தது, நீதான் கிடைக்கவில்லை. டியூட்டியில் இருந்திருப்பாய்.

இங்கே முகாமுக்குப் படம் எடுக்க நாலு பேர் வந்திருக்கிறார்கள். சினிமா இல்லை, ஆவணப்படம். யானைகளும் பாகன்களும் எப்படி வாழ்கிறார்கள் என்று காட்டப் போகிறார்களாம். இயக்குகிற அம்மாவுக்கு நம் வயதுதான் இருக்கும். சவுண்டுக்காரர் ஒரு கம்பு நுனியில் முடி முளைத்த மைக்கை மாட்டிக்கொண்டு என் பின்னாலேயே வருகிறார். முதல் நாளே என் யானை ஒத்தைக்கொம்பன் அதைப் பிடுங்கி வாயில் போட்டு, பிடிக்காமல் துப்பிவிட்டான்.

பதினான்கு யானைகள் இருக்கிற முகாமில் என் யானையைத்தான் பிடித்துக்கொண்டார்கள். ஏன் என்று உனக்குத் தெரியும். அப்பாவைக் கொன்ற யானையை மகனே பத்தொன்பது வருடமாக வளர்க்கிறான் என்று முகாம் ஆபீஸில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, இதுதான் என் படம்"னு சொன்னார். கண் கலங்கியிருந்தது. நான் தலையை ஆட்டிவிட்டேன்.

வீட்டில் வேறு யார் என்று கேட்டார். அக்கா இருக்கிறாள், ஆனால் இந்தப் பக்கம் வர மாட்டாள் என்று சொல்லியிருக்கிறேன். உன்னைத் தேடி வந்தால் கோபப்படாதே.

உன் தம்பி

ஜனவரி 27

தம்பிக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. வார்டில் நாற்பது கட்டில், அறுபது நோயாளி. கால் வீக்கம் வடியவில்லை, செருப்பைத்தான் பெரிதாக வாங்கிவிட்டேன். அத்தான் இருமுகிறார். வாலு நீ சொன்னதைத்தான் படிக்கிறாள்.

படக்காரர்கள் என்னிடம் வர வேண்டாம் என்று சொல்லிவிடு. எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அம்மா இருந்தவரை அவளைப் பார்க்கத்தான் முகாமுக்கு வந்தேன். அப்போதும் குவார்ட்டர்ஸுக்குப் பின்பக்கமாக வந்து பின்பக்கமாகவே போனேன். அது சங்கிலியை ஆட்டுகிற சத்தம் சமையலறைவரை கேட்கும். அந்தச் சத்தத்தில் எனக்குச் சோறு இறங்காது.

ஒன்று கேட்கிறேன். முன்னாலும் கேட்டிருக்கிறேன், நீ பேச்சை மாற்றிவிடுவாய். தினமும் விடிந்ததும் அதன் முகத்தில் எப்படித்தான் விழிக்கிறாய்?

முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன். யானைக்குத் தடவிவிடாதே.

அக்கா

பிப்ரவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

தைலம் கிடைத்தது. எனக்குத்தான் தடவிக்கொள்கிறேன். நீயும் கொஞ்சம் உட்கார்ந்து வேலை பார். உட்கார்ந்தால் யாரும் உன்னை வேலையிலிருந்து தூக்கிவிட மாட்டார்கள்.

படம் எடுப்பது இவ்வளவு அலுப்பான வேலை என்று எனக்குத் தெரியாது. நான் இலை வெட்டுவதை மூன்று பக்கத்திலிருந்து எடுத்தார்கள். நான் நடப்பதை எடுத்தார்கள். நான் சும்மா உட்கார்ந்திருந்ததையும் எடுத்தார்கள். அதில்தான் நன்றாக நடித்தேன் என்று கேமராக்காரர் சொன்னார்.

நேற்று ஒரு காட்சி. "அண்ணா, அவன் தும்பிக்கையில உங்க நெத்திய வைங்க. மன்னிச்சிட்டேன்னு மனசுக்குள்ள சொல்லிக்கோங்க. வாயால சொல்ல வேணாம், முகத்துல வந்தாப் போதும்" என்றார் அந்த அம்மா. வைத்தேன். முதல் தடவை வெயில் சரியில்லை. இரண்டாவது தடவை லாரி போயிற்று. மூன்றாவது தடவை அவன் என் சட்டைப் பையில் வெல்லம் இருக்கிறதா என்று தேட ஆரம்பித்துவிட்டான். நாலாவது தடவை எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த அம்மாவுக்கு ரொம்பத் திருப்தி.

அவனுக்குப் பின்னங்காலில் சங்கிலி உரசிப் புண் ஆகியிருக்கிறது. மற்ற யானைகளைச் சாயங்காலம் காட்டுக்குள் மேய விடுவோம். இவனை மட்டும் விடக் கூடாது என்பது உத்தரவு. முன்னங்கால் ஒன்று, பின்னங்கால் ஒன்று, இரண்டும் மரத்தோடு. டாக்டர் களிம்பு கொடுத்தார். கட்டை அவிழ்க்காமல் களிம்பு போட்டு என்ன பிரயோஜனம் என்று கேட்டால், "உத்தரவு போட்டவங்களக் கேளுப்பா" என்கிறார்.

நீ கேட்டதற்குப் பிறகு எழுதுகிறேன்.

உன் தம்பி

மார்ச் 12

தம்பிக்கு,

வீட்டில் எல்லோரும் சுமாராக இருக்கிறோம். நீ எப்படி?

அந்தப் படக்கார அம்மா இங்கேயே வந்துவிட்டார். கேமரா எதுவும் கொண்டுவரவில்லை. நோயாளிகளைப் பார்க்க வருகிறவர்கள் உட்காருகிற பெஞ்சில், ஒரு கிழவரின் பிளாஸ்குக்கும் யாரோ ஒருத்தியின் தூங்குகிற குழந்தைக்கும் நடுவில், இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். துரத்தத்தான் போனேன். "அஞ்சு நிமிஷம் மட்டும் பாருங்கக்கா, அப்புறம் நான் போயிடறேன்" என்று போனை நீட்டினார். நீ அதன் தும்பிக்கையில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுகிறாய்.

மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன், தம்பி. என்னைவிட இரண்டு வயது சின்னவன் நீ. அப்பாவைத் துணி போட்டு மூடிக் கிடத்தியிருந்தபோது உனக்கு இருபது வயது. என்னால் முடியாதது உன்னால் எப்படி முடிந்தது என்று நினைத்து நினைத்து அழுதேன். கோபமாகவே இருந்து இருந்து எனக்கும் அலுத்துவிட்டது. வாலு சின்னதாக இருக்கும்போது புத்தகத்தில் யானைப் படம் வந்தால் அந்தப் பக்கத்தையே திருப்பிவிடுவேன். அது என்ன வாழ்க்கை, சொல்.

ஏப்ரல் ஆறாம் தேதி வருகிறேன். மூன்று நாள் லீவு கிடைத்துவிட்டது. உன் பக்கத்தில் நின்று அதன் மேல் கையை வைக்கச் சொல்கிறார்கள். வைக்கிறேன். படத்துக்காக இல்லை.

அக்கா

மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீ இப்போது வர வேண்டாம். வெயில் தாங்க முடியாது. கீழே பாலத்தில் வேலை நடக்கிறது, பஸ் சுற்றிக்கொண்டுதான் வரும். உன் காலுக்கு ஆகாது. அவனுக்கு வேறு மதம் பிடிக்கிற சமயம்.

மழைக்குப் பிறகு பார்க்கலாம். அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

மார்ச் 28

தம்பிக்கு,

வெயில், பாலம், கால், மதம். நாலு காரணம் எழுதியிருக்கிறாய். சின்ன வயதில் நீ ஒரு காரணம் சொன்னால் அது நிஜம். நாலு சொன்னால் அன்றைக்கு வீட்டில் ஏதோ உடைந்திருக்கும்.

டிக்கெட் எடுத்துவிட்டேன். என்ன விஷயம் என்று எழுது.

அக்கா

ஏப்ரல் 1

அக்கா,

டவுனுக்குப் போகிற லாரிக்காரரிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். நீ பஸ் ஏறுவதற்குள் உன் கைக்கு வந்துவிட வேண்டும். நலமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

ஒத்தைக்கொம்பன் அப்பாவைக் கொல்லவில்லை.

அன்றைக்குக் காலையில் அப்பா என்னிடம், "நெஞ்ச யாரோ காலால மிதிக்கிற மாதிரி இருக்குடா. நீ போய்க் குளிப்பாட்டு, நான் ஆபீஸ்ல ஜீப் கேட்டு ஆஸ்பத்திரிக்குப் போறேன்" என்றார். முந்தின நாள் இரண்டு பேருக்கும் சண்டை. நான் டவுனில் லாரி ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றேன், அவர் விடவில்லை. அந்தக் கடுப்பில், "நேத்தும் நான்தான் குளிப்பாட்டினேன். உங்க யானைய நீங்களே பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுக் கரை மேல் போய் உட்கார்ந்துகொண்டேன். அவரே யானையைக் கூட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினார்.

கொஞ்ச நேரம் தேய்த்தார். பிறகு ஒரு பாறையில் உட்கார்ந்தார். பிறகு சாய்ந்து படுத்தார். எனக்குக் காட்டுவதற்காகத்தான் வேலையை நிறுத்திவிட்டுப் படுத்திருக்கிறார் என்று நினைத்தேன். ஒத்தைக்கொம்பன் எழுந்து போய் அவருக்கு மேலே, நாலு காலுக்கும் நடுவில் அவர் இருக்கிற மாதிரி நின்றுகொண்டான். அவர் கையைத் தூக்குவான், விடுவான், கை விழும். மறுபடியும் தூக்குவான். அப்போதுதான் ஓடினேன். என்னைக் கிட்டே விட்டான். அப்பாவுக்கு மூச்சு இல்லை.

நான் கத்தியதும் எல்லோரும் கம்பும் வெடியும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். அவன் மிரண்டுவிட்டான். அப்பாவை யாருக்கும் தரக் கூடாது என்று தும்பிக்கையால் சுற்றி இழுத்துக்கொண்டு கல்லெல்லாம் தாண்டிப் போனான். நீ பார்த்த காயமெல்லாம் அப்போது பட்டவை.

அன்றைக்குச் சாயங்காலம் அப்போதிருந்த அதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனுஷர்தான். "யானை அடிச்சு செத்தார்னு எழுதினா உனக்கு வேலை, உங்கம்மாவுக்குப் பென்ஷன், இதே வீடு. நெஞ்சுவலின்னு எழுதினா அடுத்த மாசம் வீட்டக் காலி பண்ணணும். நீ என்ன பார்த்தே?" என்று கேட்டார். உனக்குக் கடைசி வருடப் படிப்பு பாக்கி இருந்தது. அம்மா அடுப்படியில் மயங்கிக் கிடந்தாள். யானை அடித்ததைப் பார்த்தேன் என்று சொன்னேன்.

அன்றைக்குக் கட்டிய சங்கிலி.

மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்று படக்கார அம்மா சொன்னபோது யார் யாரை மன்னிப்பது என்றுதான் அழுதேன். கண்ணை மூடிய வருடத்தில் ஒருநாள் அம்மா கேட்டாள்: "நெசமாவே அதுதான் அவர அடிச்சுதாடா?" ஆமாம்மா என்று சொன்னேன். அவளிடம்கூட அப்படித்தான் சொன்னேன்.

தம்பி

மே 15

அன்புள்ள அக்காவுக்கு,

ஆறாம் தேதி பஸ் ஸ்டாப்பில் போய் நின்றேன். ஏழாம் தேதியும் நின்றேன். கடிதம் கிடைத்துவிட்டது என்று லாரிக்காரர் சொன்னார். உன்னைப் பதில் எழுது என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. உடம்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் வாலுவை விட்டாவது ஒரு வரி எழுதச் சொல்.

அக்கா ஏன் வரவில்லை என்று கேட்டுக்கேட்டு, கடைசியில் படக்கார அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். கேமரா ஓடவில்லை. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நாலு மாத உழைப்பு போயிற்றே என்று எனக்குப் பாவமாக இருந்தது. மறுநாள் காலையில் டீயோடு வந்தார். இரவெல்லாம் தூங்கவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "அண்ணா, இது அதைவிட நல்ல கதை. நேத்து எங்கிட்ட சொன்னத கேமரா முன்னாடி அப்படியே ஒரு தடவை சொல்ல முடியுமா?" என்றார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ரொம்ப மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் எனக்கு எலும்புக்குள் இருந்தெல்லாம் களைப்பு வந்துவிட்டது, அக்கா. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

புண் ஆறவில்லை. ஈ மொய்க்கிறது. வேப்பெண்ணெய் தடவுகிறேன்.

தம்பி

ஜூன் 10

தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். அத்தானுக்கு இருமல் நின்றுவிட்டது. அவருக்கு எல்லாம் சொல்லிவிட்டேன்.

முதல் பத்து நாள் உன் மேல் இருந்த ஆத்திரத்தில் எழுதவில்லை. என்னை இத்தனை வருடம் ஒரு வாயில்லாத ஜீவனைச் சபிக்க வைத்தாயே என்று இருந்தது. அதற்குப் பிறகு எழுதாததற்குக் காரணம் நீ இல்லை.

அப்பாவின் முகத்தைத் துடைத்தவள் நான். உதடு நீலமாக இருந்தது. நகமும் நீலம். காயம் பட்ட இடத்தில் ரத்தம் அவ்வளவாக இல்லை. கடைசி வருடம் படிக்கிற நர்ஸ், அது இதயம் நின்ற பிறகு பட்ட காயம் என்று எனக்குத் தெரியாதா? அதற்கு முந்தின வாரம்தான் அந்தப் பாடத்தில் பரீட்சை எழுதியிருந்தேன். நான் பார்த்தேன், தம்பி. பார்த்துவிட்டுத் துணியை இழுத்து மூடினேன். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று இரண்டு மாதமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். யானை மேல் பழி போட்டுவிட்டால் அழுவதற்கு ஒரு இடம் கிடைக்கிறது. அப்புறம் படிப்பு. அந்தப் பென்ஷனில்தானே முடித்தேன். நீ ஒருவன் மட்டும் அந்தச் சங்கிலியைக் கட்டவில்லை.

அப்பாவோடு சண்டை போட்டதைப் பற்றி எழுதியிருந்தாய். அந்த ஜீப் ஆஸ்பத்திரிக்கு வர மூன்று மணி நேரம். நீ குளிப்பாட்டியிருந்தாலும் வழியில்தான் போயிருப்பார். இதை அக்காவாகச் சொல்லவில்லை, தினமும் பார்க்கிறவளாகச் சொல்கிறேன்.

இப்போது கேள். கேமராவிடம் சொல்லாதே. முதலில் ஆபீஸில் எழுதிக் கொடு. வேலை போகும், தெரிந்தே சொல்கிறேன். விசாரணை என்று கூப்பிட்டால் நானும் வந்து உதட்டைப் பற்றிச் சொல்கிறேன். படத்தில் வந்தால் ஊர் அழும். காகிதத்தில் வந்தால்தான் கட்டை அவிழ்ப்பார்கள்.

அக்கா

ஜூலை 30

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மடித்து மடித்துப் படித்ததில் ஓரம் கிழிந்துவிட்டது.

எழுதிக் கொடுத்துவிட்டேன். இப்போது இருக்கிற அதிகாரி நம்மைவிடச் சின்னப் பெண். இரண்டு தடவை படித்தார். "பத்தொன்பது வருஷத்துக்கு முந்தின ஃபைல். அந்த அதிகாரியும் இல்ல, உங்கம்மாவும் இல்ல. இத இப்ப தோண்டி யாருக்கு என்ன லாபம்?" என்று கேட்டார்.

"யானைக்கு, மேடம்"னு சொன்னேன்.

"நீங்க இத எங்கிட்ட கொடுக்காம போயிருந்தா எனக்கும் நல்லாத் தூக்கம் வந்திருக்கும்" என்றார். பிறகு முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார். செப்டம்பரில் விசாரணை. அதுவரை சம்பளம் பாதி, யானையை நான்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் வேறு யாரும் கிட்டே போக மாட்டேன் என்கிறார்கள்.

மற்ற பாகன்கள் என்னோடு அவ்வளவாகப் பேசுவதில்லை. ஒருவர் மட்டும் டீக்கடையில், "நல்ல காரியம்தான். ஆனா உனக்கு மூளை இல்ல" என்றார். படக்கார அம்மா கேமராவை மூடி வைத்துவிட்டு, விசாரணை முடியும்வரை மற்ற யானைகளை எடுக்கிறார்.

உன் காலைப் பார்த்துக்கொள். வரும்போது பெரிய செருப்பையே போட்டுக்கொண்டு வா, இங்கே கல்.

உன் தம்பி

செப்டம்பர் 22

தம்பிக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். பஸ்ஸில் முழுக்கத் தூங்கினேன். பக்கத்து சீட்டு அம்மா என்னை எழுப்பித்தான் இறக்கிவிட்டார்.

விசாரணையில் நீ தலையைக் குனிந்துகொண்டே இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொன்னாய், அது போதும். உன் வேலை செல்லாது என்று அந்தப் பெரிய அதிகாரி படித்தபோது நான்தான் எழுந்து நின்றுவிட்டேன்.

நான் அவன் கிட்டே வரவில்லை என்று உனக்கு வருத்தம் இருக்கும். பத்தடி தள்ளி, நீ மடக்கச் சொன்ன குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேனே, அதற்கு மேல் கால் வரவில்லை. கோபம் போய்விட்டது. பயம் போகவில்லை. அதற்கு எந்த ஆபீஸில் எழுதிக் கொடுப்பது? காதுக்குப் பின்னால் அவனுக்கு இவ்வளவு வெள்ளைப் புள்ளி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. வயதாகிவிட்டது போல.

முகாமை விட்டதும் நேராக இங்கே வா. எங்கள் ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ள ஆள் கேட்கிறார்கள். அத்தான் வரவேற்பறையில் உனக்குக் கட்டில் போட்டுவிட்டார். அதில் இப்போதைக்கு வாலுவின் துணி குவிந்திருக்கிறது.

அக்கா

நவம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்கால் பரவாயில்லை. நீங்கள் மூவரும் நலம்தானே?

ஒரு மாதம் டாக்டர் கூடவே இருந்து பார்த்துவிட்டு, மற்றவற்றோடு மேய விடலாம் என்று எழுதிக் கொடுத்தார். நேற்றுத்தான் உத்தரவு வந்தது. புதுப் பாகன் என்னைவிடப் பெரியவர், பேச்சுக் குறைவு. இரண்டு வாரமாக என்னோடு இருந்து பழகினார். குடையைப் பார்த்தால் அவனுக்கு ஆகாது, இடது கண் சரியாகத் தெரியாது, வலது பக்கமாகத்தான் போக வேண்டும், கோபம் வந்தால் காதை ஆட்டுவதை நிறுத்திவிடுவான் என்றெல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ராத்திரி உங்கள தேடுவானா?" என்று கேட்டார். தெரியாது என்று சொன்னேன்.

இன்று சாயங்காலம் அவிழ்த்தோம். காலோடு கிடந்த பூட்டை இத்தனை வருடமாக யாரும் திறக்காததால் துருப்பிடித்து, சுத்தியலால் அடித்துத்தான் திறக்க வேண்டியிருந்தது. படக்கார அம்மா தள்ளி நின்று, எடுக்கலாமா என்று கையால் கேட்டார். "அவன எடுங்க, என்னை வேணாம்"னு சொன்னேன். அப்படியே செய்தார். படத்தில் இனி என் முகம் வராது, அந்த அழுத காட்சியும் வராது என்று அவராகவே சொன்னார். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

அவன் கொஞ்ச நேரம் நின்ற இடத்திலேயே காலைத் தூக்கித் தூக்கி வைத்தான். பிறகு புதுப் பாகன் குரல் கொடுத்ததும் நடந்தான். மற்ற யானைகள் மூங்கில் பக்கம் போய்க்கொண்டிருந்தன. ஒரு கிழட்டுப் பெண் யானை நின்று அவன் வாயில் தும்பிக்கையை விட்டுப் பார்த்தது. அப்படியே சேர்ந்து உள்ளே போய்விட்டார்கள். என்னைத் திரும்பிப் பார்ப்பான் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. அப்புறம் கிளை ஒடிகிற சத்தம் கேட்டது, தின்கிறான் என்று தெரிந்தது. சரி என்று எழுந்துவிட்டேன்.

சங்கிலியை ஸ்டோரில் ஒப்படைக்க வேண்டும். தோளில் போட்டுக்கொண்டு போனேன், வழியில் இரண்டு இடத்தில் இறக்கி வைத்தேன். ஸ்டோர்காரர் தராசில் போட்டார். முப்பத்தெட்டு கிலோ. பத்தொன்பது வருடம் தினமும் என் கையால் மரத்தோடு பூட்டியிருக்கிறேன், அதன் எடை எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். ஒரு பெட்டியும் அம்மாவின் பாயும்தான் சாமான். கட்டில் மேல் இருக்கிற துணியை வாலுவை எடுத்து வைக்கச் சொல். ஸ்ட்ரெச்சர் வேலைக்குத் திங்கட்கிழமை வருவான் என்று சொல். அதற்கு முன்னால் இரண்டு நாள் நான் தூங்க வேண்டும், அக்கா. யாரும் எழுப்ப வேண்டாம்.

உன் தம்பி